ஒன்ராறியோவில் மீன்பிடி சீசன் திறக்குமுன்: தடி, ரீல், லைசென்ஸ் தயார் செய்யும் வழி

குளிர்காலம் முழுக்க கராஜின் ஒரு மூலையில் சாய்ந்து கிடந்த தூண்டில்தடியை மே மாதம் வெள்ளிக்கிழமை இரவு எடுத்துத் தூசி தட்டி, சனிக்கிழமை விடியவே சிம்கோ ஏரிக்குப் புறப்படுவதுதான் எங்கள் ஆட்களில் பலருடைய வழக்கம். அங்கே போய் முதல் எறிதலிலேயே லைன் சுருண்டு சிக்கும், அல்லது நல்ல மீன் ஒன்று கொத்தியதும் டக்கென்று அறும். அன்றைய நாள் அதோடு முடிந்துவிடும்.

கனடாவுக்குப் புதிதாக வந்தவர்கள், அல்லது வந்து கனகாலம் ஆனாலும் இப்போதுதான் மீன்பிடிக்க ஆசைப்படுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலும் உங்கள் கையில் இருப்பது அண்ணையோ மச்சானோ தந்த பழைய தடியும் ரீலுமாக இருக்கும். அல்லது யாரோ விற்றதை இணையத்தில் பார்த்து வாங்கியிருப்பீர்கள். நான் தொடங்கியபோது இதையெல்லாம் ஒரே இடத்தில் சொல்லித்தர ஆள் கிடைக்கவில்லை. கடைக்காரர் ஒன்று சொல்வார், ஏரிக்கரையில் பக்கத்தில் நிற்பவர் அதற்கு நேர்மாறாகச் சொல்வார், அரசாங்க விதிப் புத்தகத்தைத் திறந்தால் தலை சுற்றும். அலைந்து திரிந்து கற்றுக்கொண்டதை ஒழுங்காக வைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீனை இழக்க வைப்பவை பெரும்பாலும் மூன்று: பழைய லைன், இறுகிப்போன டிராக் (மீன் இழுக்கும்போது லைனை விட்டுக்கொடுக்கும் ரீலின் உறுப்பு), மொட்டையான கொழுக்கி. உங்கள் நேரமும் காசும் முதலில் இந்த மூன்றுக்கும் போகட்டும். மற்றவை பிறகு.

1. எந்த மீன், எந்த ஏரி, எந்தத் திகதி?

சாமான்களைத் தொடுமுன் திகதியைப் பாருங்கள். ஒன்ராறியோவில் சீசன் என்பது ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் திறப்பதில்லை. மாகாணம் மீன்பிடி வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சிம்கோ ஏரி 16ஆம் வலயம். ரைஸ் ஏரியும் கவார்த்தா ஏரிகளும் 17ஆம் வலயம். ஸ்காபரோ புளஃபர்ஸ் பார்க்கில் நின்று எறிந்தால் அது ஒன்ராறியோ ஏரி, அதாவது 20ஆம் வலயம். ஒரே மீனுக்கு வலயத்துக்கு வலயம் திகதி மாறும், பிடிக்கக்கூடிய எண்ணிக்கை மாறும், நீள அளவும் மாறும்.

16, 17ஆம் வலயங்களில் பொதுவான ஒழுங்கு இது: டிரவுட் ஏப்ரல் நாலாவது சனிக்கிழமை திறக்கும். வால்ஐ மே இரண்டாவது சனிக்கிழமை. பாஸ் ஜூன் பிற்பகுதியில். பேர்ச், சன்ஃபிஷ் போன்ற சிறிய மீன்களை இந்த வலயங்களின் பல இடங்களில் ஆண்டு முழுவதும் பிடிக்கலாம். அதனால் புதிதாகத் தொடங்குபவருக்கு ஏப்ரல் கடைசியில் பேர்ச் பிடிக்கப் போவது நல்ல தொடக்கம். தடியும் ரீலும் சரியாக வேலை செய்கின்றனவா என்று பெரிய மீன் திறக்குமுன்பே தெரிந்துவிடும்.

போகும் ஏரிக்கென்று தனி விதி இருக்கிறதா என்பதை மாகாண அரசின் மீன்பிடி விதித் தொகுப்பில் அந்த ஆண்டுக்குரியதை எடுத்துப் பாருங்கள். வலயத்தின் பொது விதிக்குக் கீழே 'விதிவிலக்கு' என்று ஏரிகளின் பெயர்களும், மீன்பிடி முற்றாகத் தடைசெய்யப்பட்ட இடங்களும் தனித்தனியாக இருக்கும். பலர் பொது விதியைப் படித்துவிட்டு அந்தப் பகுதியைப் பார்க்காமலே விடுகிறார்கள். மாட்டுப்படுவது அங்கேதான்.

இன்னொரு பொறி: சீசன் மூடியிருக்கும் மீனை 'பிடித்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுவேன்தானே' என்று குறிவைத்துப் பிடிக்கக்கூடாது. அதுவும் குற்றம்தான். வேறு மீனுக்கு எறிந்தபோது தற்செயலாக மாட்டினால் உடனே விட்டுவிட வேண்டும்.

2. லைசென்ஸ்

18 வயது முதல் 64 வயது வரையான கனடாவாசிகளுக்கு இரண்டு வேண்டும். ஒன்று அவுட்டோர்ஸ் கார்ட் என்ற அட்டை, மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும், வரிக்கு முன் 8.57 டொலர். மற்றது மீன்பிடி லைசென்ஸ். அதில் இரண்டு வகை: ஸ்போர்ட் ஒரு வருடத்துக்கு 26.57 டொலர், கன்சர்வேஷன் 15.07 டொலர். நான் கடைசியாகப் பார்த்த விலைகள் இவை. வாங்கும்போது ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வித்தியாசம் எண்ணிக்கையில் இருக்கிறது. 16, 17ஆம் வலயங்களில் ஸ்போர்ட் லைசென்ஸ் இருந்தால் ஆறு பாஸ் வைத்திருக்கலாம், கன்சர்வேஷன் என்றால் இரண்டு. மஞ்சள் பேர்ச் ஐம்பதும் இருபத்தைந்தும். வீட்டில் இரண்டு மூன்று பேருக்குக் கறிக்குப் போதும் என்றால் கன்சர்வேஷன் தாராளம். முதல் வருடம் அதையே எடுங்கள் என்பது என் அபிப்பிராயம்.

ஒரு வருட லைசென்ஸ் டிசம்பர் 31ஆம் திகதியோடு முடியும். வாங்கிய நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் என்று நினைக்கவேண்டாம். ஒக்டோபரில் முழுக்காசு கொடுத்து வாங்கினால் மூன்று மாதம்தான் கையில். ஏப்ரலில் வாங்குவதுதான் கணக்குக்குச் சரி. ஒரே ஒரு நாள் போய்ப் பார்ப்பதாக இருந்தால் ஒருநாள் லைசென்ஸ் இருக்கிறது, அதற்கு அவுட்டோர்ஸ் கார்ட் தேவையில்லை.

இணையத்தில் வாங்கலாம், சேர்விஸ் ஒன்ராறியோ நிலையத்தில் வாங்கலாம், லைசென்ஸ் விற்க அனுமதியுள்ள கடைகளிலும் வாங்கலாம். அட்டை தபாலில் வர நேரம் எடுக்கும். லைசென்ஸை உடனே அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். மீன்பிடிக்கும்போது கையில் இருக்கவேண்டும், அதிகாரி கேட்டால் காட்டவேண்டும். 'வீட்டில் இருக்கிறது' என்பது பதில் ஆகாது.

புதிதாக வந்தவர்கள் கவனிக்கவேண்டிய இடம் இது. ஒன்ராறியோவாசி என்ற விலை கிடைக்க, விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 மாதங்களில் தொடர்ந்து ஆறு மாதமாவது இங்கே வசித்திருக்க வேண்டும். போன மாதம்தான் வந்து இறங்கினீர்கள் என்றால் வெளிநாட்டவர் விலைதான், ஒரு வருட ஸ்போர்ட் 80 டொலருக்கு மேல் போகும். ஆறு மாதம் முடியும்வரை காத்திருப்பது அல்லது ஒருநாள் லைசென்ஸோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு லைசென்ஸ் வாங்கத் தேவையில்லை என்று கேள்விப்பட்டு, ஊரிலிருந்து பார்க்க வந்த அப்பாவின் கையில் தடியைக் கொடுத்துவிடுகிறோம். அந்தச் சலுகை கனடாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். விருந்தாளியாக வந்தவருக்கு எத்தனை வயதானாலும் லைசென்ஸ் வேண்டும். இங்கேயே வசிக்கும் அம்மா அப்பா என்றால் பெயரும் பிறந்த திகதியும் உள்ள அரசாங்க அடையாள அட்டை ஒன்றைக் கொண்டுபோகட்டும், அது போதும்.

லைசென்ஸ் இல்லாமல் மீன்பிடிக்கக்கூடிய நாட்களும் உண்டு: பெப்ரவரியில் ஃபமிலி டே வார இறுதி, மே மாதத்து அன்னையர் தின வார இறுதி, ஜூனில் தந்தையர் தின வார இறுதி, ஜூலைத் தொடக்கத்தை ஒட்டி ஒரு வாரம். இதுவும் கனடாவாசிகளுக்குத்தான். எண்ணிக்கைக்கு கன்சர்வேஷன் அளவு பொருந்தும். அன்னையர் தின வார இறுதியும் வால்ஐ திறக்கும் சனிக்கிழமையும் பெரும்பாலும் ஒன்றாக வரும். அதனால் அன்றைக்குக் கரையெல்லாம் சனம். சாமான் வாங்கக் கடைக்குப் போக அந்த வாரம் மிகவும் மோசமான வாரம்.

3. ரீலைத் திறக்குமுன் சுற்றிப் பாருங்கள்

ஏப்ரல் முதல் வாரம், ஒரு மேசையில் பழைய துவாய் ஒன்றை விரித்து எல்லாவற்றையும் வையுங்கள். ரீலின் கைப்பிடியை மெதுவாகச் சுற்றுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் உள்ளே பல்சக்கரங்களைத் திறக்கவே வேண்டாம். மணல் அரைபடுவதுபோல் நெருநெருத்தால் மட்டும் உள்ளே வேலை இருக்கிறது.

இதைச் சொல்லக் காரணம், சில காணொளிகளைப் பார்த்துவிட்டு முதல் நாளே ரீலின் பக்கமூடியைக் கழற்றுகிறார்கள். உள்ளே மயிரிழை தடிப்பில் வட்டத்தகடுகளும் சிறு சுருள்வில்லும் இருக்கும். ஒன்று தெறித்துக் கம்பளத்தில் விழுந்தால் தேடிக் கிடைக்காது, அந்த ரீல் பிறகு ஒருநாளும் பழையபடி சுற்றாது. நன்னீரில் அளவாகப் பாவிக்கும் ரீலுக்கு வெளிவேலையே ஆண்டுக்கு ஒருமுறை போதும்.

வெளிவேலை என்பது இது. டிராக் குமிழை இடப்பக்கம் திருகிக் கழற்றினால் ஸ்பூல், அதாவது லைன் சுற்றியிருக்கும் உருளை, மேலே வந்துவிடும். ஒவ்வொரு படியிலும் கைபேசியில் ஒரு படம் எடுங்கள். ஸ்பூலுக்குக் கீழே தண்டில் இருக்கும் வட்டத்தகடு எத்தனை, எந்த ஒழுங்கில் என்பது முக்கியம். ஈரத்துணியில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு உடம்பெல்லாம் துடையுங்கள். மூலைகளுக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ். குழாயைப் பலமாகத் திறந்து பீச்சியடிக்க வேண்டாம், அழுக்கும் தண்ணீரும் உள்ளே போகும்.

பிறகு எண்ணெய். ரீலுக்கென்று விற்கும் மெல்லிய எண்ணெய் ஒரு சிறு புட்டி பல வருடங்களுக்கு வரும். ஒவ்வொரு இடத்திலும் ஒரே ஒரு சொட்டு: பெயில் கம்பி (லைனைப் பிடித்து ஸ்பூலில் சுற்றிவிடும் வளைந்த கம்பி) மடியும் இரண்டு பக்க மூட்டுகள், கைப்பிடிக் குமிழ் சுற்றும் அச்சு, ஸ்பூல் ஏறியிறங்கும் நடுத்தண்டு, லைன் ரோலர். மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள்.

லைன் ரோலர் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். பெயில் கம்பியின் ஒரு முனையில், லைன் உரசிக்கொண்டு திரும்பும் இடத்தில் இருக்கும் சின்ன உருளை அது. அழுக்குப் பிடித்து அது சுழலாமல் நின்றுவிட்டால், ஒவ்வொரு முறை சுற்றும்போதும் லைன் அதன்மேல் இழுபட்டு முறுக்கேறும், தேயும். புதிய லைன் போட்டும் சிக்கு விழுகிறது என்று கடையில் போய்ச் சண்டை பிடிப்பவர்கள் பலருடைய ரீலில் குற்றம் இங்கேதான் இருக்கும். லைனை அதன்மேல் போட்டு இரு கையாலும் முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். உருளை லைனோடு சேர்ந்து சுழலவேண்டும். சுழலாவிட்டால் அதன் ஒற்றைத் திருகாணியைக் கழற்றிப் பஞ்சுக்குச்சியால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பூட்டுங்கள். பத்து நிமிட வேலை.

எண்ணெய் படக்கூடாத இடம் இரண்டு. ரீல் பின்பக்கம் சுற்றாமல் தடுக்கும் ஒருவழி கிளச் ஒன்று, அதில் எண்ணெயோ கிறீஸோ கூடினால் பிடிமானம் வழுக்கும். முக்கியமாக ஏப்ரல் மாதக் குளிரில். மற்றது டிராக் தகடுகள். அவற்றுக்கென்று தனி கிறீஸ் இருக்கிறது, வேறு எதையும் போடவேண்டாம். டபிள்யூடி-40 எல்லார் வீட்டிலும் இருக்கும், கை தானாக அதற்குத்தான் போகும். அது துருவை இளக்க நல்லது, ஆனால் ரீலில் இருக்கும் கிறீஸையும் சேர்த்துக் கரைத்துவிடும்.

நெருநெருக்கும் ரீல் நல்ல விலைப்பட்டதாக இருந்தால் மீன்பிடிச் சாமான் கடையில் கொடுத்துத் திருத்துங்கள். இதை மட்டும் மார்ச் மாதமே சுற்றிப் பார்த்துக் கொடுக்கவேண்டும். ஏப்ரல் கடைசியில் கொண்டுபோனால் ஜூன்வரை கிடைக்காமல் போகலாம்.

4. லைன்: இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்

தங்கூசி லைன் போட்டிருந்தால் ஒவ்வொரு வசந்தத்திலும் மாற்றுங்கள். யோசிக்கவே வேண்டாம். வெயில் பட்டு, ஸ்பூலில் மாதக்கணக்காகச் சுருண்டு கிடந்த தங்கூசி வெளியே எடுத்ததும் சுருள் சுருளாகவே நிற்கும். எறிந்தால் தடியின் வளையத்தில் அடிபட்டுக் கிட்டவே விழும். எட்டு றாத்தல் தாங்கும் என்று எழுதியிருந்தாலும் முடிச்சில் அதில் பாதிகூட நிற்காது. சில மீற்றர் இழுத்து விரல் நடுவே விட்டு வழுக்கிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினாலோ வெள்ளை படர்ந்து மங்கியிருந்தாலோ அது செத்த லைன்.

பிரெயிட் என்ற பின்னல் லைன் அப்படியல்ல, சில சீசன்களுக்கு வரும். முன்பக்கம் பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருந்தால் அந்த நீளத்தை வெட்டிவிடுங்கள். அல்லது முழுவதையும் வேறு ஸ்பூலுக்குச் சுற்றித் தலைகீழாகத் திரும்ப ஏற்றினால், உள்ளே பாவிக்காமல் கிடந்த பகுதி வெளியே வரும். விலை கூடிய பிரெயிட்டுக்கு இது நல்ல வழி.

முதல் வருடம் எதை வாங்குவது? பேர்ச், பாஸ் என்றால் ஆறு அல்லது எட்டு றாத்தல் தங்கூசி போதும். மலிவு, முடிச்சு போட லேசு, சிக்கினால் பிரிக்கலாம். பிரெயிட்டில் சிக்கு விழுந்தால் புதியவரால் பிரிக்க ஏலாது, வெட்டத்தான் வேண்டும்.

சுற்றும் விதம் முக்கியம். ஒரு கடையில் சுற்றித் தரச் சொன்னேன், தளர்வாகச் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள், அடுத்த நாள் கரையில் கட்டுக்கட்டாக வெளியே வந்தது. வீட்டிலேயே சுற்றலாம், இரண்டு பேர் இருந்தால் நல்லது.

தடியின் அடித்துண்டை மட்டும் ரீலோடு பூட்டுங்கள். லைனை முதல் பெரிய வளையத்துக்குள்ளால் விட்டு, பெயிலைத் திறந்து வைத்து ஸ்பூலில் கட்டுங்கள். பெயிலைத் திறக்காமல் கட்டிவிட்டுச் சுற்றச் சுற்ற ஒன்றும் ஏறவில்லையே என்று நிற்பவர்கள் அதிகம். கடை ஸ்பூலை எழுத்துள்ள பக்கம் மேலே தெரிய நிலத்தில் படுக்க வையுங்கள். ரீலுக்கு மேலே, லைனை ஈரத்துணி ஒன்றால் விரல்களுக்கிடையில் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றுங்கள். இருபது சுற்று ஆனதும் நிறுத்தி லைனைக் கொஞ்சம் தளர விடுங்கள். தொங்கும் லைன் தானாக முறுக்கிக்கொண்டால், நிலத்தில் கிடக்கும் ஸ்பூலைப் புரட்டிப் போட்டுத் தொடருங்கள்.

ஸ்பூலின் விளிம்புக்கு மூன்று மில்லிமீற்றர் கீழே வந்ததும் நிறுத்துங்கள். விளிம்புவரை நிரப்பினால் எறியும்போது ஒரேயடியாக வழிந்து சிக்கும், குறைவாக நிரப்பினால் தூரம் போகாது. பிரெயிட் என்றால் வெறும் ஸ்பூலில் நேராகக் கட்டவேண்டாம். உலோகத்தில் அது பிடிக்காமல் மொத்தமாக வழுக்கிச் சுழலும். அடியில் பத்துச் சுற்றுத் தங்கூசி போட்டு அதன்மேல் கட்டுங்கள்.

கழற்றிய பழைய லைனைத் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போடுங்கள். ஏரிக்கரையில் விட்டால் நாரை, வாத்துகளின் காலில் சுற்றிக்கொள்ளும். பல படகுத்துறைகளில் பழைய லைன் போடுவதற்கென்றே குழாய்ப் பெட்டி வைத்திருக்கிறார்கள்.

5. தடி

வளையங்களைத்தான் பார்க்கவேண்டும். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் ஒரு பஞ்சுக்குச்சியை விட்டுச் சுற்றித் துடையுங்கள். எங்காவது பஞ்சு நார் மாட்டி நின்றால் அங்கே வெடிப்பு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த வெடிப்பு புது லைனையும் ஒரே நாளில் அறுக்கும்.

அதிகம் உடைவது நுனி வளையம். காரின் கதவில் நசுங்கும், தடியை நிலத்தில் ஊன்றினால் உடையும். இதற்காகத் தடியை எறியவேண்டாம். பல அளவு நுனி வளையங்களும் ஒட்டும் பசைக்குச்சியும் சேர்ந்த ஒரு பொதி பத்து டொலரளவில் கிடைக்கும். பழைய வளையத்தின் உலோகக் குழாயை லைட்டர் நெருப்பில் சில நொடி மட்டும் காட்டி, குறட்டால் பிடித்து முறுக்காமல் நேராக இழுங்கள். நெருப்பு தடியில் படக்கூடாது, கிராஃபைட் சூட்டில் பலமிழந்துவிடும். நுனியைத் துடைத்து, அதற்குச் சரியாகப் பொருந்தும் வளையத்தைத் தேர்ந்தெடுங்கள். பசைக்குச்சியை உருக்கி நுனியில் மெல்லியதாகப் பூசி, வளையத்தைச் சூடாக்கிப் போட்டு, மற்ற வளையங்களோடு நேர்கோட்டில் வருகிறதா என்று அடியிலிருந்து கண் வைத்துப் பாருங்கள். பசை இறுகுமுன் திருத்த உங்களுக்கு ஒரு நிமிடமளவில் இருக்கிறது. சுப்பர் குளூ போடவேண்டாம். அடுத்தமுறை உடைந்தால் கழற்ற வராது.

இரண்டு துண்டுத் தடியின் பூட்டும் இடத்தை உலர்ந்த துணியால் துடைத்து, உள்ளே போகும் பகுதியில் மெழுகுதிரியை லேசாகத் தேய்த்துவிடுங்கள். நின்று பிடிக்கும், கழற்றவும் லேசு. ஏற்கெனவே இறுகிப் போயிருந்தால் வளையங்களைப் பிடித்து முறுக்காதீர்கள். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஒவ்வொருவரும் இரண்டு துண்டையும் ஒவ்வொரு கையால் பிடித்துக்கொண்டு நேராக இழுத்தால் வரும்.

6. கொழுக்கியும் பெட்டியும்

கொழுக்கியின் முனையைப் பெருவிரல் நகத்தில் சரிவாக வைத்து லேசாக இழுங்கள். நகத்தில் குத்தி நின்றால் கூர் இருக்கிறது. வழுக்கினால் மொட்டை. சின்ன அரத்தால் தீட்டலாம், ஆனால் துருப்பிடித்ததைத் தீட்டி மினக்கெடவேண்டாம், மாற்றுங்கள். மூன்று முனைக் கொழுக்கி உள்ள லூர்களில் (செயற்கை இரைகளில்) மாற்றும்போது அதே அளவையே போடுங்கள். பாரம் மாறினால் லூர் தண்ணீரில் ஆடும் ஆட்டமும் மாறும்.

பெட்டியில் ரப்பர்போல மெத்தென்று இருக்கும் புழு லூர்களைக் கடினப் பிளாஸ்டிக் லூர்களோடு சேர்த்து வைக்காதீர்கள். ஒன்றோடொன்று ஒட்டி உருகிவிடும். அவை வந்த பையிலேயே இருக்கட்டும். பெட்டியைத் திறந்து வைத்து ஒருநாள் காயவிட்ட பிறகு மூடுங்கள்.

பழைய பெட்டிகளில் ஈயக்குண்டுகள் நிறைய இருக்கும். தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டும், ஈயத்தலை வைத்த கொழுக்கியான ஜிக்கும் தடை. கோடை விடுமுறைக்கு புரூஸ் தீபகற்பப் பக்கம் முகாம் போகும் குடும்பங்கள் வெள்ளீயம் அல்லது டங்ஸ்டன் குண்டு தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் கட்டாயம் இருக்கவேண்டியவை இன்னும் இரண்டு: மூக்கு நீண்ட குறடு, அளவு நாடா. நீளக் கட்டுப்பாடு உள்ள மீனைக் கண்ணால் மதித்து வைத்திருப்பது தண்டம் கட்டும் வழி. கரையிலேயே வெட்டித் துண்டு போட்டுக்கொண்டு வருவதும் அப்படித்தான். என்ன மீன், எத்தனை, எவ்வளவு நீளம் என்று அதிகாரிக்கு அடையாளம் தெரியும்படி கொண்டுவரவேண்டும்.

7. டிராக்கை அளந்து வையுங்கள்

மீன் இழுக்கும்போது லைன் அறாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும் உறுப்புத்தான் டிராக். பனிக்காலம் முழுக்க இறுக்கித் திருகியபடியே வைத்திருந்தால் உள்ளே இருக்கும் தகடுகள் நசுங்கி ஒட்டிக்கொள்ளும். பிறகு மீன் இழுக்கும்போது ஒருகணம் நின்று, திடீரென்று விடும். அந்த ஒருகணத்தில் லைன் அறும்.

லைன் போட்டு, தடியைப் பூட்டி, எல்லா வளையத்துக்குள்ளாலும் விட்டு, நுனியில் பயணப்பெட்டி நிறுக்கும் கைத்தராசு ஒன்றைக் கட்டுங்கள். வீட்டில் யாரையாவது தராசைப் பிடிக்கச் சொல்லித் தடியை உயர்த்துங்கள். லைனின் பலத்தில் கால்பங்கு முதல் முப்பது வீதம்வரை வரும்போது டிராக் விடத் தொடங்கவேண்டும். எட்டு றாத்தல் லைன் என்றால் இரண்டு றாத்தலும் கொஞ்சமும், அதாவது ஒரு கிலோவளவு. விடும்போது சீராக வருகிறதா, விக்கி விக்கி வருகிறதா என்று பாருங்கள். விக்கினால் டிராக் தகடுகளைக் கழற்றித் துடைத்து அதற்குரிய கிறீஸ் போடவேண்டும், அல்லது மாற்றவேண்டும். தகடுகள் சில டொலர்தான்.

இந்தச் சோதனையிலேயே உங்கள் முடிச்சும் சோதிக்கப்பட்டுவிடும். எந்த முடிச்சானாலும் இறுக்குமுன் எச்சிலால் நனையுங்கள். உலர்ந்த தங்கூசியை இறுக்கினால் உரசல் சூட்டிலேயே பலம் போகும். பலோமர் முடிச்சு ஒன்றை நன்றாகப் பழகினால் முதல் வருடத்துக்குப் போதும்.

சீசன் முடிந்ததும் டிராக்கை முழுக்கத் தளர்த்திவிட்டுச் சேமித்து வையுங்கள்.

8. படகில் போவதாக இருந்தால்

சுருக்கமாகச் சொல்கிறேன். மோட்டார் உள்ள எந்தப் படகை ஓட்டவும், சின்ன மின்மோட்டாராக இருந்தாலும், படகோட்டும் தகுதி அட்டை வேண்டும். இணையத்தில் படித்துத் தேர்வு எழுதலாம், ஒருமுறை எடுத்தால் வாழ்நாள் முழுக்கச் செல்லும். படகில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி இருக்கவேண்டும். மே மாதத்தில் வெயில் எறித்தாலும் தண்ணீர் உயிரை எடுக்கும் குளிர். நீந்தத் தெரிந்தவரும் சில நிமிடங்களில் கைகால் விறைத்துப் போவார். அங்கியைப் படகில் வைத்திருக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். தையல் விட்டிருக்கிறதா, கொக்கி பூட்டுகிறதா என்று ஏப்ரலிலேயே பாருங்கள்.

2022 முதல், படகை ஓர் ஏரியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகுமுன் ஒட்டியிருக்கும் நீர்ச்செடிகளை அகற்றி, அடைப்பான்களைத் திறந்து தண்ணீரை வடிக்கவேண்டும் என்பது சட்டம். மிஞ்சிய உயிர் இரையை, அது இருந்த தண்ணீரையும்கூட, ஏரியிலோ கரையிலிருந்து 30 மீற்றருக்குள்ளோ ஊற்றக்கூடாது.

9. செலவு எவ்வளவு?

கன்சர்வேஷன் லைசென்ஸும் அட்டையும் வரியோடு 27 டொலரளவில். தங்கூசி லைன் 8 முதல் 15 டொலர். ரீல் எண்ணெயும் கிறீஸும் 10 முதல் 15. கொழுக்கிப் பொதி ஒன்றிரண்டு 10 முதல் 15. நுனி வளையப் பொதி தேவைப்பட்டால் 10. ஆக, கையில் ஏற்கெனவே தடியும் ரீலும் இருந்தால் எழுபது எண்பது டொலரளவில் முதல் வருடம் ஒப்பேறும். அடுத்த வருடம் லைசென்ஸும் லைனும் மட்டும்தான்.

வாங்கும் ஒழுங்கையும் சொல்கிறேன். மார்ச் மாதம் ரீல் திருத்தக் கொடுப்பது. ஏப்ரல் முதல் இரண்டு வாரத்தில் துடைப்பும் எண்ணெயும், லைசென்ஸ் வாங்குவதும். ஏப்ரல் கடைசியில் லைன் சுற்றுவது. லைனை மார்ச்சிலேயே சுற்றி வைத்தால் திரும்பவும் சுருண்டு கிடக்கும்.

கையில் இருக்கும் ரீல் நெருநெருத்து, கைப்பிடியும் ஆட்டம் கண்டு, தடியிலும் இரண்டு வளையம் உடைந்திருந்தால் அதற்குக் காசு செலவழிக்காதீர்கள். ஐம்பது அறுபது டொலருக்குத் தடியும் ரீலும் சேர்ந்த புதிய தொகுதி ஒன்று வாங்கலாம். அதுவும் இப்போது வேண்டாம், இது எனக்குச் சரிவருமா என்று பார்க்கவேண்டும் என்றால், 'டக்கிள்ஷெயர்' என்ற திட்டத்தில் ஒன்ராறியோவின் சில நூலகங்களிலும் மாகாணப் பூங்காக்களிலும் தடி, ரீல், சில லூர்கள் எல்லாம் இலவசமாக இரவல் தருகிறார்கள். உங்கள் வட்டாரத்தில் எந்தக் கிளையில் இருக்கிறது என்று நூலகத்தில் கேளுங்கள். மே மாதம் வரிசை நீளும், ஏப்ரலிலேயே சொல்லி வையுங்கள். இரவல் வாங்கிய ரீலிலும் டிராக்கையும் லைன் ரோலரையும் ஒருதரம் பார்த்துவிட்டே கொண்டுபோங்கள்.